மூவாயிரத்து ஒண்டு

ஒராள் உங்களுக்கு உள்ளுக்கை வச்சு என்னவோ சொல்லிப்போட்டுது தம்பி. எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டன். கலியாணம் கட்டின முப்பத்தொரு வருசமா அந்த ஆளின்ர பேரை நான் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இண்டைக்கும் சொல்லப் போறதில்லை. ஆனால் ஒரு மனிசனுக்கு ஒராள் செய்யக்கூடாத வேலையை அந்த ஆள் எனக்குச் செய்தது. செய்துகொண்டும் இருக்குது. இப்ப நான் விக்கிற அந்த வானுக்குள்ள நிண்டு தேத்தண்ணி ஊத்துதே, ஊத்திக்கொண்டே செய்யுது.

இருங்கோ. அந்தக் கதிரையில இருங்கோ, அது வானோட சும்மா வந்தது, நல்ல கதிரை. நீங்கள் லவுசானில இருந்து ரெண்டு மணித்தியாலம் ஓடி இஞ்ச ஓல்டனுக்கு வந்தனீங்கள். வந்து இறங்கி, வானைச் சுத்தி ஒருக்காப் பாத்திட்டு, நான் சொன்ன விலைக்கு ஓம் எண்டனீங்கள். மறுபேச்சு இல்லை. எனக்கு அதில கொஞ்சம் மனவருத்தம்தான், ஒரு ஐந்நூறாவது குறைச்சுக் கேட்டிருக்கலாம், அது வேற கதை. பிறகு காஸ் அடுப்பு எரியுதோ எண்டு பாக்க உள்ளுக்கை போனீங்கள். மூண்டு நிமிசம். இறங்கி வந்து, "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" எண்டுறியள். காஸ் அடுப்பில யோசிக்க என்ன கிடக்கு? திருகினால் எரியும், மற்றப் பக்கம் திருகினால் நிக்கும்.

உங்களுக்கு முதல் ரெண்டு பேர் வந்தவை. ஒராள் பேர்னில இருந்து, மற்றவர் இத்தாலிக்காரன். அவையும் ஓம் எண்டவை. அவையும் அடுப்புப் பாக்கப் போனவை. அவையும் இறங்கி வந்து யோசிக்கப் போனவைதான், இன்னும் யோசிச்சுக்கொண்டு இருக்கினம். ஆனபடியால் நீங்கள் இருங்கோ. உங்களுக்கு விசயம் தெரியோணும்.

என்ர பேர் அருமைநாயகம். இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சனத்திட்டை கேட்டுப் பாருங்கோ, அரைவிலை அருமைநாயகம் எண்டால்தான் தெரியும். எண்பத்தொன்பதில ஒரு சட்டையோட சுவிசுக்கு வந்து கோப்பை கழுவினனான். அஞ்சு வருசம் கழுவினன். பிறகு மரக்கறிக் கடை. வெண்டிக்காய்ப் பெட்டியை மொத்த வியாபாரியிட்டை எவ்வளவுக்கு எடுத்தனான் எண்டு சொன்னால் நீங்கள் நம்ப மாட்டியள். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் ஒரு சாமானைக் கையில எடுத்தால், அதை விக்கிறவன் எந்த விலையில அழுவான், எந்த விலையில அழுதுகொண்டே தருவான் எண்டு எனக்குத் தெரியும். அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். அதுதான் கதையே.

கடையை மகளிட்டைக் குடுத்திட்டு வீட்டில இருக்கேக்கை, ஒரு நாள் அந்த ஆள் சொல்லிச்சுது. முதியோர் இல்லத்தில உடுப்புத் தோய்க்கிற இடத்தில இருபத்திரண்டு வருசம் வேலை செய்த ஆள். நிலத்துக்குக் கீழ, யன்னல் இல்லாத அறை. சீலையை மடிச்சுக்கொண்டு, எனக்குச் சொல்லுற மாதிரியும் இல்லை, சீலைக்குச் சொல்லுற மாதிரி, "காலமை எழும்பி யன்னலைத் திறந்தால் வேற ஊரா இருக்கோணும்" எண்டுது. நான் அதைப் பெரிசா எடுக்கேல்லை. ஆனால் அடுத்த கிழமை இன்ரநெற்றில இந்த வானைப் பாத்தன். ஜெர்மன்காரன் வோன்மொபில் எண்டுவான், எங்கட சனம் வீட்டுவான் எண்டும். அடுப்பு, கட்டில், கக்கூஸ், எல்லாம் உள்ளுக்கை. எல்லைக்கு அங்கால, காடு பக்கமா ஒரு ஊரில நிண்டது. இருபத்தினாலாயிரம் யூரோ. இதே வான் சுவிசில முப்பதுக்குக் குறையாது. எனக்கு வாங்கோணும் எண்ட எண்ணம் வந்தது அந்த விலையைப் பாத்துத்தான். சீலை மடிச்ச கதைக்கும் இதுக்கும் ஒரு தொடுசலும் இல்லை.

ரெயிலில போனம், ரெண்டு பேரும். வித்தவர் ஓட்மார் எண்டொரு பழைய கணக்கு வாத்தியார். எழுபது வயதுக்கு மேல. மனிசன் வானைத் துடைச்சு, உள்ளுக்கை ஒரு சாடியில பூ வச்சு, கேக்கும் வெட்டி வச்சிருந்தார். விக்கிறவன் கேக் வெட்டினால் என்ன அருத்தம்? பயந்திருக்கிறான் எண்டு அருத்தம். நான் கேக்கைத் தொடேல்லை. அந்த ஆள் ரெண்டு துண்டு சாப்பிட்டுது, செய்முறையும் கேட்டுது. பேரம் பேசப் போற இடத்தில.

நான் வானைச் சுத்தி வந்தன். சக்கரத்துக்கு ஒரு உதை. பெருமூச்சு. ஒரு அலுமாரியைத் திறந்து மணந்து பாத்து, தலையை ஆட்டிப்போட்டு மூடினன். அது வெறும் அலுமாரிதான், ஒரு மணமும் இல்லை, ஆனால் விக்கிறவன் விலையைக் குறைக்கத் துவங்குவான். ஓட்மார் பின்னால வந்து தானும் திறந்து மணந்து பாத்தார். "ஒண்டும் மணக்கேல்லையே" எண்டார். வாத்தியார்மாரோட இதுதான் கரைச்சல்.

பதினேழு ஐந்நூறு எண்டன்.

அவர் சிரிச்சார். இருபத்தி மூண்டு எண்டார். நான் பதினேழு ஐந்நூறு. கூரையைத் தட்டிக் காட்டினன், ஏணியில ஒரு கறையைக் காட்டி, துருப்பிடிச்ச கறள் எண்டன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பாத்திட்டு அது பறவை எச்சம் எண்டார். கடைசியா இருபதாயிரத்து ஐந்நூறுக்கு வந்து நிண்டார். அதுக்குக் கீழ போக மாட்டன், செத்துப்போன மனிசியோட ஓடின வான், மனம் கேக்காது எண்டார்.

அப்ப நான் எழும்பி நடந்தன்.

தம்பி, நடக்கிறது எண்டது ஒரு வித்தை. கெதியா நடக்கக்கூடாது, கோவம் எண்டு நினைப்பான். ஆறுதலா நடந்தால் நடிப்பு எண்டு நினைப்பான். முதுகில ஒரு வெறுப்பு இருக்கோணும். படலையடிக்குப் போறதுக்குள்ள கூப்பிடுவான். என்ர வாழ்க்கையில கூப்பிடாதவன் இல்லை.

ஓட்மார் கூப்பிடேல்லை. படலையால வெளியில வந்தன். திரும்பிப் பாக்கக்கூடாது, அது சட்டம். ஆனாலும் பக்கத்து வீட்டுக் கார்க் கண்ணாடியில பாத்தன். மனிசன் கையை ஆட்டி வழியனுப்புறார். சரி எண்டு ரோட்டால நடந்தன். தேவாலயம் தாண்டினன். பேக்கரி தாண்டினன். பஸ் தரிப்பிடத்தில போய் இருந்தன். பாத்தால் அந்த ஆள் என்னோட வரேல்லை. ரெலிபோன் எடுத்தால், கக்கூசுக்குப் போகோணும், முடிச்சிட்டு வாறன் எண்டுது. நாப்பது நிமிசம். நாப்பது நிமிசக் கக்கூஸ். அப்ப எனக்குச் சந்தேகம் வந்திருக்கோணும், வரேல்லை. கேக் ஒத்துக்கொள்ளேல்லையாக்கும் எண்டு நினைச்சன்.

நாப்பதாவது நிமிசம் ஓட்மார் சைக்கிளில வாறார். வந்து இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி, பதினேழு ஐந்நூறு" எண்டார். முகம் ஒரு மாதிரி. சிரிப்பை அடக்கின முகம். நான் அதை அழுகையை அடக்கின முகம் எண்டு நினைச்சன். எனக்கு அப்பிடி ஒரு இரக்கம் வந்திட்டுது. இரக்கத்தோட இரக்கமா, இந்த ரெண்டு கதிரையையும், இறைச்சி வாட்டுற அடுப்பையும், மழைக்கு இழுக்கிற கூடாரச் சீலையையும் சும்மா தரச் சொல்லிக் கேட்டன். எல்லாத்தையும் தந்தார். ஒரு போத்தல் பிளம்ஸ் ஜாமும் தந்தார். நான் கேக்காமலே.

அண்டைக்கு எனக்கு இருந்த சந்தோசம், மகள் பிறந்த அண்டைக்கு இருந்ததோ தெரியாது.

பிறகு தாள் வேலை. ஏற்றுமதி நம்பர் தகடு, காப்புறுதி, விலை எழுதின தாள், அதில ஓட்மாரின்ர கையெழுத்து. எல்லாத்தையும் ஒழுங்கு செய்து அடுத்த கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை வானை எடுத்துக்கொண்டு எல்லைக்கு வந்தம். அந்த ஆள் பக்கத்துச் சீற்றில. யன்னலை முழுக்கத் திறந்து வச்சுக்கொண்டு வந்தது. காத்து அடிக்குது மூடு எண்டன். கேக்கேல்லை.

சுங்கக் கந்தோரில கண்ணாடிக்கு அங்கால ஒரு அம்மா. கழுத்தில மூக்குக்கண்ணாடி தொங்குது. விலைத் தாளைப் பாத்தா. கொம்பியூட்டரைப் பாத்தா. திரும்பவும் தாளைப் பாத்தா. இந்த வருசத்து வான், இந்த நீளம், இவ்வளவு கிலோமீற்றர் ஓடினது, இருபதுக்குக் குறைய வராதே, இது உண்மையான விலையோ எண்டு கேட்டா.

தம்பி, என்ர இடத்தில ஆராயிருந்தாலும் பயந்திருப்பினம். வரியைக் குறைக்கக் கள்ள விலை போட்டவன் எண்டு நினைக்கிறா. எனக்கு அது விளங்கேல்லை. நான் அதைப் புகழ்ச்சி எண்டு எடுத்திட்டன். ஒரு அரச உத்தியோகத்தர், கொம்பியூட்டரை வச்சுக்கொண்டு, என்ர திறமையை நம்ப முடியாமல் இருக்கிறா. ஆனபடியால் வடிவா விளங்கப்படுத்தினன். உதைச்சதைச் சொன்னன். பெருமூச்சு விட்டுக் காட்டினன். அவ எழுதிக்கொண்டே இருந்தா. எழுத எழுத எனக்கு உற்சாகம் கூடிச்சுது. எப்பிடி எழும்பி நடந்தனான் எண்டு நடந்தும் காட்டினன். கதவடியில நிண்ட காவலாளி கையைக் குறுக்கால நீட்டி மறிச்சான். நான் ஓடப் பாக்கிறன் எண்டு நினைச்சிருக்கிறான். இப்ப கூப்பிடோணும் எண்டு அவனுக்குச் சொன்னன், மறிக்கிறதில்லை, கூப்பிடோணும். அவன் என்னைத் தோளில பிடிச்சுக் கொண்டுவந்து கதிரையில இருத்தினான்.

எனக்குக் கோவம் ஏறிட்டுது. மேசையில தட்டிப்போட்டன். வித்தவனையே கேளுங்கோ, நம்பர் தாளில இருக்குது, இப்பவே எடுங்கோ எண்டன். அந்த நேரம் பின்னால இருந்து அந்த ஆள் என்ர சட்டையைப் பிடிச்சு இழுத்துது. "வேண்டாம், வரியை அவை சொல்லுற மாதிரிக் கட்டிப்போட்டு வாங்கோ" எண்டுது. நான் கையைத் தட்டிவிட்டன். மானப் பிரச்சினை எண்டன்.

அந்த அம்மா எடுத்தா. எல்லாருக்கும் கேக்கிற மாதிரித்தான் எடுத்தா.

ஓட்மார் நல்ல மனிசன். பொய் வராது. "ஐயாவிட்டை இருந்து பதினேழாயிரத்து ஐந்நூறு" எண்டார். நான் நெஞ்சை நிமித்தி அந்த அம்மாவைப் பாத்தன். அப்ப ஓட்மார், "கூட வந்த அம்மாவிட்டை இருந்து மூவாயிரத்து ஒண்டு" எண்டார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழட்டினா. "மூவாயிரத்து ஒண்டோ?"

"ஓம். ஒரு உறையில. யானைத் தலைச் சாமி படம் போட்ட உறை. தாள்காசு உள்ளுக்கை, ஒரு யூரோக் குத்திக்காசு வெளியில ஒட்டிக் கிடந்தது. அந்த ஒண்டு ஏனெண்டு எனக்கும் விளங்கேல்லை. கணக்கு வாத்தியார் நான், மூண்டு நாள் யோசிச்சன். கழட்ட மனமில்லாமல் உறையை ஃபிரிட்ஜில ஒட்டி வச்சிருக்கிறன். அந்தத் தொகை தாளில இல்லை, அம்மா எழுத வேண்டாம் எண்டு கேட்டவ. பிழையெண்டால் புதுசா எழுதி அனுப்புறன்."

எல்லாரும் திரும்பி அந்த ஆளைப் பாத்தவை. காவலாளியும் பாத்தான். அந்த ஆள் கைப்பையைத் திறந்து எதையோ தேடுது. பையுக்குள்ள இன்னும் நாலு மொய் உறை, பிள்ளையார் படத்தோட, எட்டிப் பாக்குது. எங்கட கலியாண வீடுகளுக்கு எண்டு எப்பவும் வச்சிருக்கிறது.

நான் ஒண்டே ஒண்டுதான் கேட்டன். ஏன் எண்டு கேக்கேல்லை. எப்ப எண்டும் கேக்கேல்லை. களவாக் குடுக்கிறாய், அதில என்ன ஒரு யூரோ எண்டு கேட்டன்.

"ஒண்டு வைக்காமல் எப்பிடிக் குடுக்கிறது?" எண்டுது.

பாருங்கோ. இதுதான் அந்த ஆள். புருசனைக் கவிழ்க்கேக்கையும் சுப காரியம் மாதிரிக் கவிழ்க்குது. அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கோ. ஓட்மார் கடைசியாக் கேட்டது இருபதாயிரத்து ஐந்நூறு. நான் குடுத்ததும் அந்த ஆள் குடுத்ததும் சேத்தால் இருபதாயிரத்து ஐந்நூற்றொண்டு. இவ்வளவு பேரம் பேசி, பஸ் தரிப்பிடத்தில நாப்பது நிமிசம் குளிருக்க இருந்து, அவர் கேட்டதுக்கு மேல ஒரு யூரோ கூடக் குடுத்திருக்கிறன். அரைவிலை அருமைநாயகம்.

அந்த அம்மா அபராதம் எழுதேல்லை. புதுத் தாள் வரும்வரைக்கும் இருந்து, கூடின வரியைக் கட்டினம், இருநூற்றுச் சொச்சம் பிராங். போகேக்கை அந்த ஆளுக்குக் கை குடுத்தா. எனக்குத் தரேல்லை.

வீட்டை வரேக்கை, பிராற்றல்ன் எண்ட ஊரைத் தாண்டினாப் பிறகு ஒரு நினைப்பு வந்தது. யூரோ. அந்த ஆளின்ர கையில எப்பிடி யூரோத் தாள்? பிராங்கை மாத்தியிருக்கோணும். மாத்தினதெண்டால் வீட்டை விட்டு வெளிக்கிட முதலே மாத்தியிருக்கோணும். நான் வாயைத் திறக்க முதலே தெரிஞ்சிருக்குது. அப்பிடியெண்டால் இது முதல் தரம் இல்லை.

வானை ஓரமா நிப்பாட்டினன். தொண்ணூற்றெட்டில சோபா வாங்கினமே எண்டு கேட்டன். அந்த ஆள் யன்னலால வெளியில பாத்துது. மகளின்ர கலியாண மண்டபம் எண்டன். "உதுகளை விடுங்கோவன்" எண்டுது. மண்டபக்காரனுக்கு அந்த இடத்திலேயே ரெலிபோன் எடுத்தன். அவன் சிரிச்சுக்கொண்டு, "அண்ணை, அக்கா அப்பவே எல்லாம் பாத்திட்டாவே" எண்டான். பனிக்காலச் சக்கரம்? தையல் மெசின்? மீன் வானில வாறவன், ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் சண்டை பிடிச்சு ரெண்டு பிராங் குறைக்கிறனே, அவன்? எல்லாருக்கும் உறை போயிருக்குது. சோபாக்காரன் தொட்டு மீன்காரன் வரைக்கும் பிள்ளையாரைக் கண்டிருக்கினம். நான் படலையடிக்குப் போகேக்கை என்னைக் கூப்பிட்டவங்கள் எல்லாரும் காசு வாங்கிக்கொண்டு கூப்பிட்டிருக்கிறாங்கள்.

ஒண்டே ஒண்டு மிச்சம். உள்ளுக்கை அலுமாரியில ஒரு சாம்பல் கோட்டு தொங்குது, பாத்தீங்களோ? தொண்ணூறாம் ஆண்டு பழைய சாமான் சந்தையில நாப்பது பிராங் சொன்னவன், பதினெட்டுக்கு எடுத்தனான். அந்த ஆள் தொண்ணூற்றி மூண்டிலதான் சுவிசுக்கு வந்தது. அது என்ர. அது மட்டும் என்ர. முழங்கையில ஓட்டை, ஆனாலும் எறியேல்லை.

சிரிக்காதேங்கோ தம்பி. உங்களுக்கும் ஒரு நாள் வரும்.

அதுக்குப் பிறகு எனக்கு இந்த வானை ஓடக் கை வரேல்லை. சாவியைத் திருப்பினால் எஞ்சின் மூவாயிரத்து ஒண்டு, மூவாயிரத்து ஒண்டு எண்டு ஓடுது. நாலு மாசமா இந்தத் தரிப்பிடத்திலேயே நிக்குது. ஒரு ஊருக்கும் போகேல்லை. அந்த ஆளுக்கு அதைப்பற்றி ஒரு கவலையும் இல்லை. ஒவ்வொரு நாளும் காலமை தேத்தண்ணியைக் கொண்டுவந்து உள்ளுக்கை இருந்து யன்னலைத் திறக்கும். என்ன தெரியும்? இதே தரிப்பிடம். அந்தக் குப்பைத் தொட்டி. எதிர்வீட்டுக்காரரின்ர சைக்கிள். அரை மணித்தியாலம் அதைப் பாத்துக்கொண்டு இருந்திட்டு, யன்னலை மூடிப்போட்டு வரும். விசர் எண்டு நினைச்சு விட்டிட்டன். அப்பதான் விக்கிறதெண்டு முடிவெடுத்தன். இருபதாயிரத்து ஐந்நூற்றொண்டு. யூரோ கணக்கு பிராங் கணக்கு எண்டு நான் பாக்கேல்லை. அந்த ஒண்டும் சேத்து வரோணும், அப்பதான் என்ர மனம் ஆறும்.

விக்கப்போறன் எண்டு சொன்ன அண்டைக்கு அந்த ஆள் "உங்கட விருப்பம்" எண்டுது. முப்பத்தொரு வருசமா உந்த ஒரு வசனம். உங்கட விருப்பம் எண்டு வாய் சொல்லும், கை உறைக்குப் போகும்.

தம்பி, ஒரு நிமிசம் திரும்புங்கோ. அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம். உங்கட சட்டைப் பையில என்ன? கையை வைக்காதேங்கோ. பொத்த வேண்டாம். தும்பிக்கை தெரியுது.

எவ்வளவு? நூற்றொண்டோ? வந்து போன பெற்றோல் செலவுக்கு எண்டு தந்திருக்கும். வச்சிருங்கோ, அது உங்களுக்குத் தந்தது, அதில எனக்குக் கோவம் இல்லை. கோவமெல்லாம் அந்த ஆளோடதான். பேர்ன்காரனுக்கும் இத்தாலிக்காரனுக்கும் உறை குடுத்து அனுப்பியாச்சு, இப்ப உங்களுக்கும். ஊரில உள்ளவனுக்கெல்லாம் வாங்காதே வாங்காதே எண்டு காசு குடுக்கத் தெரிஞ்ச ஆளுக்கு, விக்காதேங்கோ எண்டு எனக்கு ஒரு சொல் சொல்லத் தெரியேல்லை. எனக்கு உறை வேண்டாம். ஒரு சதம் வேண்டாம்.

தேத்தண்ணியை வச்சிட்டு வெளியில வரட்டும். இஞ்ச, எனக்கு முன்னால, இந்த ரெண்டாவது கதிரையில வந்து இருக்கட்டும். நான் இருபதாயிரத்து ஐந்நூற்றொண்டு எண்டு சொல்லுவன். அந்த ஆள் குறைச்சுக் கேக்கட்டும். சக்கரத்தை உதைக்கட்டும், அலுமாரியை மணக்கட்டும், பெருமூச்சு விடட்டும், ஒரு ஊரின்ர பேரைச் சொல்லி அங்க கொண்டுபோ எண்டு கேக்கட்டும். இவ்வளவு சனத்தோடையும் பேரம் பேசின ஆள் என்னோட ஒருக்காப் பேசட்டும். நீங்கள் சாட்சி, அதுக்குத்தான் இருத்தி வச்சிருக்கிறன்.

உள்ளுக்கை கேக்கும் எண்டு தெரியும். யன்னல் திறந்துதான் கிடக்கு.

இப்ப நான் எழும்பி நடக்கப்போறன் தம்பி. கெதியாவும் இல்லை, ஆறுதலாவும் இல்லை. அந்தக் குப்பைத் தொட்டி வரைக்கும்தான் நடப்பன், அதுக்கு மேல முழங்கால் விடாது. திரும்பிப் பாக்க மாட்டன். அதுக்குள்ள "இஞ்சேருங்கோ" எண்டு ஒரு குரல் வரோணும். காசு வாங்காத குரல். நீங்கள் கூப்பிடக்கூடாது, நீங்கள் உறை வாங்கினனீங்கள். அந்த ஆள் கூப்பிடோணும்.

நடக்கிறன். கேக்குதோ உள்ளுக்கை? நடக்கத் துவங்கிட்டன். கூப்பிடு.